இதய எம்ஆர்ஐக்கு ரத்தம் எதற்கு? ஓர் உழக்குக் கணக்கு

"படம் எடுக்கத்தானே வந்தோம், ரத்தம் எதுக்குத் தம்பி எடுக்கிய?"

அம்பாசமுத்திரம் பக்கமிருந்து மகளோடு வந்திருந்த அண்ணாச்சி கேட்டார். ஸ்கேன் மேசையில் படுத்திருந்தார். மருந்து ஏற்றுவதற்காகக் கையில் கானுலா போட்டிருந்தேன். அதன் வழியாகவே ஊதா மூடி போட்ட சின்னக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தேன். மகள் மஞ்சள் பைக்குள் கையை விட்டு, மடித்து மடித்துக் கிழியப்போகும் நிலையில் இருந்த ஒரு லேப் ரிப்போர்ட்டை எடுத்தார். "மூணு மாசத்துக்கு முன்னாடிதான் எல்லா டெஸ்ட்டும் எடுத்தோம்ணே. இதையே வச்சிக்கிடலாம்லா?"

பாளையங்கோட்டையில் ஸ்கேன் அறையில் வேலை பார்க்கும் எனக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. வருகிறவர்களிடம் இதற்கு மூன்று விதமான பதில்கள் தயாராக இருக்கும். பில்லைக் கூட்டத்தான் எடுக்கிறார்கள் என்பார் ஒருவர். கிட்னி தாங்குமா என்று பார்க்க என்பார் இன்னொருவர். ரத்தத்தில் ஏதாவது இருந்தால்தான் இதயத்தில் இருக்கும் என்று மூன்றாமவர் தத்துவமே சொல்வார். கிட்னிக்கு ஒரு டெஸ்ட் உண்டுதான். அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் அந்த ஊதாக் குழாய் வேறு வேலைக்கு. ஸ்கேன் எந்திரம் எடுத்த அளவை உண்மையான அளவாக மாற்றும் அளவுகோல் அதற்குள் இருக்கிறது. அது இல்லாவிட்டால் படம் வரும், நிறம் வரும், எண்ணும் வரும். ஆனால் அந்த எண்ணுக்கு அர்த்தம் பாதிதான்.

ஒரு படி பயறும் கொஞ்சம் தண்ணீரும்

வீட்டில் பழைய படி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். நாலு உழக்கு சேர்ந்தால் ஒரு படி என்பது நம் பாட்டிமார் கணக்கு. படி நிறையப் பயறு போட்டுத் தலை தட்டுங்கள். படி நிறைந்துவிட்டதா? நிறைந்துவிட்டது. இப்போது மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். பயறுக்கும் பயறுக்கும் இடையில் இருக்கும் சந்துகளில் அது இறங்கிக்கொண்டே போகும். ஓர் உழக்குத் தண்ணீர் பிடித்தது என்று வைத்துக்கொள்வோம். (உண்மையில் பயறில் இன்னும் கொஞ்சம் கூடவே பிடிக்கும். கணக்கு எளிதாக இருக்கட்டும்.) அப்படியானால் அந்தப் படியில் நாலில் மூன்று பங்கு பயறு, ஒரு பங்கு சந்து.

இதயத் தசையும் ஏறக்குறைய இப்படித்தான். பயறுகள்தான் தசைச் செல்கள். அவற்றுக்கு நடுவே சந்துகள் இருக்கின்றன. அந்தச் சந்துகளில் நீர், செல்களைக் கட்டிப்பிடித்து நிற்கும் மெல்லிய நார், நுண்குழாய்களில் ஓடும் ரத்தத்தின் நீர்ப்பகுதி எல்லாம் அடக்கம். நல்ல இதயத்தில் இந்தச் சந்து நூற்றுக்குச் சுமார் 25. அதாவது ஒரு படி இதயத்தில் ஓர் உழக்கு. இந்தப் பங்குக்கு மருத்துவத்தில் 'இசிவி' என்று பெயர். செல்லுக்கு வெளியே இருக்கும் இடத்தின் அளவு என்று பொருள்.

இதை ஏன் அளக்க வேண்டும்? இதயத்தைப் பாதிக்கும் பல நோய்கள் இந்தச் சந்துகளில்தான் குடியேறுகின்றன. நீண்டகால ரத்தக்கொதிப்பிலும் வால்வு நோயிலும் நார் பெருகும். வீக்கத்தில் நீர் கோத்துக்கொள்ளும். அமிலாய்டு நோயில், தப்பாக மடிந்த ஒரு வகைப் புரதம் சந்துகளில் வந்து படியும். அப்போது இசிவி 40 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். அதாவது ஓர் உழக்கு இருந்த இடம் ஒன்றரை உழக்குக்கு மேல் ஆகிவிடும். வெளியில் இருந்து பார்த்தால் இதயச் சுவர் தடித்திருப்பது மட்டும் தெரியும். தடித்தது பயறா, சந்தா என்று எக்கோ படம் சொல்லாது.

சுருக்கமாகச் சொன்னால், நாம் தேடுவது இதயத் தசையில் செல் இல்லாத இடம் எவ்வளவு என்பதை. இதயத்தைப் பிய்த்துப் படியில் போட முடியாது. அதனால் சந்துகளுக்குள் மட்டும் போகிற ஒரு பொருளை உள்ளே அனுப்பி அதை எண்ண வேண்டும்.

தேத்தாங்கொட்டை வேலை

அந்தப் பொருள்தான் கடோலினியம். ஜோஹன் கடோலின் என்ற பின்லாந்து வேதியியலாளரின் நினைவாகப் பெயர் பெற்ற ஓர் உலோகம். நமக்கு ரொம்பத் தூரத்துப் பொருளும் அல்ல. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருக்கும் மோனசைட்டில் உள்ள அருமண் தனிமங்களில் இதுவும் கொஞ்சம் உண்டு. தனி உலோகமாக உடம்புக்குள் விட்டால் நஞ்சு. அதனால் வேறொரு மூலக்கூறால் இறுக்கக் கவ்விப் பிடித்து ஊசி மருந்தாக்குகிறார்கள். அந்தக் கூட்டு, உயிரோடு இருக்கும் செல்லின் சுவரைத் தாண்டி உள்ளே போகாது. பயறு ஊறாமல் சந்தில் மட்டும் நிற்கும் சாயத் தண்ணீர் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

சாயம் என்றதும் கண்ணுக்குத் தெரியும் நிறம் என்று எண்ணிவிடக் கூடாது. எம்ஆர்ஐ கடோலினியத்தைப் பார்ப்பதே இல்லை. அது பார்ப்பது தண்ணீரை மட்டும். கடோலினியம் பக்கத்தில் இருக்கும் தண்ணீரை என்ன செய்கிறது என்பதை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்கிறது.

இதற்கு எனக்குக் கிடைத்த நல்ல உவமை தேத்தாங்கொட்டை. வெள்ளக் காலத்தில் தாமிரபரணி கலங்கி ஓடும்போது குடத்தில் பிடித்த தண்ணீரை அப்படியே வைத்தால் தெளிய நேரமாகும். குடத்தின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையை உரசி வைத்தால் சீக்கிரம் தெளியும். கொட்டை கூடினால் தெளிவதும் வேகம் கூடும்.

ஸ்கேனில் கலக்குவது ரேடியோ அலை. உடம்பில் இருக்கும் தண்ணீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் பெரிய காந்தத்துக்குள் ஓர் ஒழுங்குக்கு வந்து நிற்கும். ரேடியோ அலையால் அந்த ஒழுங்கைக் கலைக்கிறோம். அவை மறுபடியும் பழைய நிலைக்குத் தெளிந்து வரும். அதில் பெரும்பகுதி, கணக்காகச் சொன்னால் 63 சதவீதம், திரும்பிவர எடுக்கும் நேரத்துக்கு 'டி1' என்று பெயர். 1.5 டெஸ்லா (காந்தத்தின் வலிமையைச் சொல்லும் அளவு) காந்தத்தில் மருந்து ஏற்றாத இதயத் தசைக்கு டி1 சுமார் 1000 மில்லிசெகண்ட், அதாவது ஒரு விநாடி. ரத்தத்துக்கு இன்னும் கூடுதல், சுமார் 1600. கடோலினியம் வந்ததும் இரண்டும் மளமளவென்று குறையும். பதினைந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் தசை 450 பக்கம் நிற்கும், ரத்தம் 300 பக்கம்.

இங்கே ஒரு சின்ன நெளிவு. கடோலினியத்தின் அளவுக்கு நேர்விகிதமாகக் கூடுவது நேரம் அல்ல, வேகம். வேகம் என்றால் ஒன்றை நேரத்தால் வகுத்தது. பாளையங்கோட்டையிலிருந்து தூத்துக்குடிக்கு பஸ் எடுக்கும் நேரம் பாதியானால் வேகம் இரட்டிப்பு என்கிறோமே, அதே கணக்கு. மருந்துக்கு முன் இருந்த தெளியும் வேகத்தை மருந்துக்குப் பின் வந்த வேகத்திலிருந்து கழித்தால், 'கொட்டை', அதாவது கடோலினியம், எவ்வளவு சேர்ந்தது என்று தெரிந்துவிடும்.

கடோலினியம் செல்லுக்குள் போகாவிட்டாலும் தண்ணீர் செல் சுவரைத் தாண்டிப் போய்வந்துகொண்டே இருக்கிறது. அதனால் உள்ளே இருந்த தண்ணீரும் வெளியே வந்து கொட்டையைத் தொட்டுவிட்டுப் போகும். எந்திரத்துக்குக் கிடைப்பது மொத்தப் படிக்குமான ஒரே தெளியும் வேகம். 'இந்தப் படியில் மொத்தம் இவ்வளவு கொட்டை' என்று அது சொல்லும். சந்து எவ்வளவு என்று நேரடியாகச் சொல்லாது.

இரண்டாவது படி: ரத்தம்

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறோம். இதயப் படியில் கடோலினியம் நிறைய இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. ஏன் நிறைய? சந்து பெரிதாக இருப்பதாலா, அல்லது இவருக்கு மருந்து கூடப் போய்விட்டதாலா? ஆள் ஒல்லி, கிட்னி மெதுவாக வேலை செய்கிறது, படம் எடுக்கக் கொஞ்சம் முந்திவிட்டோம் என்று எத்தனையோ காரணம் இருக்கலாம். சாயத் தண்ணீர் எவ்வளவு அடர்த்தியானது என்று தெரியாமல், சாயத்தின் மொத்தத்தை மட்டும் வைத்துத் தண்ணீரின் அளவைச் சொல்ல முடியாது.

அதனால் அதே ஆளின் உடம்பில், அதே நேரத்தில், அதே சாயத் தண்ணீர் நிற்கும் இன்னொரு படியை எடுத்து ஒப்பிடுகிறோம். அந்தப் படி, இதய அறைக்குள் இருக்கும் ரத்தம். படத்தில் தசையும் ரத்தமும் ஒட்டி ஒட்டியே தெரியும் என்பதால் இரண்டையும் ஒரே மூச்சுப் பிடிப்பில் அளந்துவிடலாம்.

பத்து, பதினைந்து நிமிடம் காத்திருப்பது எதற்கு என்றால் இதற்குத்தான். பாபநாசத்தில் தண்ணீர் திறந்தவுடன் பாளையங்கால்வாயின் கடைமடை வயல் நனைந்துவிடாது. முதலில் வாய்க்காலில் ஓடும், பிறகு மடை வழியாக வயலில் ஏறும், கடைசியில் வாய்க்காலும் வயலும் ஒரே மட்டத்துக்கு வரும். கடோலினியமும் ரத்தத்திலிருந்து கசிந்து தசைச் சந்துகளுக்குள் போய், இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அடர்த்திக்கு வர அவகாசம் வேண்டும்.

சரி, வந்துவிட்டது. இரண்டு படியிலும் சாயத் தண்ணீர் ஒரே அடர்த்தி. அப்படியானால் இதயப் படியின் மொத்தச் சாயத்தை ரத்தப் படியின் மொத்தச் சாயத்தால் வகுத்தால் கிடைப்பது என்ன? இதயத்தின் சந்துக்கும் ரத்தத்தின் சந்துக்கும் உள்ள விகிதம்.

ரத்தத்துக்கு ஏது சந்து என்கிறீர்களா? பெரும்பாலோர் தவறவிடும் இடம் இதுதான். ரத்தம் வெறும் நீர் அல்ல. அதுவும் ஒரு பயறுப் படிதான். சிவப்பணுக்கள் பயறு, பிளாஸ்மா என்ற மஞ்சள் நீர் சந்து. கடோலினியம் சிவப்பணுவுக்குள்ளும் போகாது. ரத்தம் நூறு பங்கில் சிவப்பணு 42 பங்கு என்றால், சாயத்துக்கு இடம் மீதி 58 பங்கில்தான். உழக்குக் கணக்கில் இரண்டே கால் உழக்குக்குச் சற்று மேல்.

சிவப்பணு அடைத்திருக்கும் அந்த 42 என்ற பங்குக்குத்தான் ஹீமாட்டோக்ரிட் என்று பெயர். நம் ஊர் லேப் ரிப்போர்ட்டில் 'பிசிவி' என்று அச்சாகியிருக்கும். ஆண்களுக்கு ஏறக்குறைய 40 முதல் 50 வரை, பெண்களுக்கு 36 முதல் 46 வரை. டெங்கு வந்த வீட்டுக்காரர்களுக்கு இந்த எழுத்துகள் பழக்கமாகியிருக்கும். பிளேட்லெட்டோடு பிசிவியையும் டாக்டர் தினமும் கேட்பார். டெங்குவில் பிளாஸ்மா குழாயை விட்டுக் கசிந்தால் மீதி ரத்தம் கெட்டிப்பட்டு பிசிவி ஏறும் என்பதால்.

ஆக, எந்திரம் தருவது விகிதம் மட்டும். ரத்தப் படியில் சந்து எவ்வளவு என்று ஊதாக் குழாய் சொல்கிறது. இரண்டையும் பெருக்கினால் இதயத்தின் சந்து.

ஒரே ஒரு கணக்கு

கணக்கு பிடிக்காதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். ஆனால் ஐந்தாம் வகுப்புப் பெருக்கல்தான்.

இதயத் தசை: மருந்துக்கு முன் 1000 மில்லிசெகண்ட். வேகமாக மாற்றினால் விநாடிக்கு 1. மருந்துக்குப் பின் 450, வேகம் 2.22. கூடியது 1.22.

ரத்தம்: மருந்துக்கு முன் 1600, வேகம் 0.625. மருந்துக்குப் பின் 300, வேகம் 3.33. கூடியது 2.71.

விகிதம்: 1.22 வகுத்தல் 2.71 என்றால் சுமார் 0.45.

பிசிவி 42 என்றால் பிளாஸ்மா 0.58. இசிவி = 0.58 × 0.45. விடை 0.26, அதாவது 26 சதவீதம். நல்ல இதயம்.

இப்போது ஸ்கேனில் ஒரு புள்ளியைக்கூட மாற்றாமல் பிசிவியை மட்டும் 30 என்று போடுங்கள். 0.70 × 0.45 = 0.315. சுமார் 32 சதவீதம். 50 என்று போட்டால் 22 அல்லது 23. அதே படம், அதே எந்திரம், அதே இதயம். ஒரு ரத்த எண் மாறியதில், 'சந்து கூடியிருக்கிறது' என்பதிலிருந்து 'ஒன்றுமில்லை' என்பது வரை போய் வந்துவிட்டோம். பிசிவி ஓர் எண் தவறினால் இசிவி ஏறக்குறைய அரை எண் தவறும் என்று நினைவில் வைத்தால் போதும்.

ஒன்று கவனியுங்கள். ரத்தசோகை இருப்பதால் இதயம் கெட்டுவிட்டது என்று இந்தக் கணக்கு சொல்லவில்லை. ரத்தசோகை உள்ளவரின் ரத்தப் படியில் சந்து அதிகம். அளவுகோல் நீளம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஆளுக்கு ஆள் மாறும் அளவுகோலை ஆளுக்கு ஆள் அளந்துகொள்ளத்தான் வேண்டும்.

எங்கெல்லாம் சறுக்கும்

முதலில் என் சறுக்கலைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பல வருடம் முன்பு, வேறொரு சென்டரில். சாயங்காலக் கூட்டம், போன் ஒரு பக்கம். லேப்பிலிருந்து எண்களை வாசித்துச் சொன்னார்கள், நான் கணினியில் அடித்தேன். ஹீமோகுளோபின் 14 என்றதை பிசிவி கட்டத்தில் போட்டுவிட்டேன். கணினிக்கு என்ன தெரியும்? ரத்தத்தில் 86 சதவீதம் பிளாஸ்மா என்று எடுத்துக்கொண்டு இசிவி 39 என்று காட்டியது. அமிலாய்டு நோயை யோசிக்க வைக்கும் எண். ரிப்போர்ட் எழுதிய டாக்டர் படத்தைப் பார்த்தார், எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பிசிவி 14 உள்ளவர் நடந்தா வந்தாரு?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்குக் கற்றது இன்றும் மறக்கவில்லை. பொதுவாக ஹீமோகுளோபினை மூன்றால் பெருக்கினால் பிசிவிக்குக் கிட்டே வரும். 14 என்றால் 42 பக்கம். எண்ணைப் போடுமுன் மனதுக்குள் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்த்துவிடுவேன்.

அடுத்தது பழைய ரிப்போர்ட். அண்ணாச்சியின் மகள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. கொலஸ்ட்ரால் மூன்று மாதத்தில் என்ன பெரிதாக மாறிவிடப் போகிறது? ஆனால் பிசிவி அந்த வகை அல்ல. மூலத்தில் ரத்தம் போயிருக்கலாம், ட்ரிப் ஏற்றியிருக்கலாம், நீர் இறங்க மாத்திரை சாப்பிட்டிருக்கலாம், டயாலிசிஸ் நடந்திருக்கலாம். ஒவ்வொன்றும் ரத்தத்தில் நீருக்கும் அணுவுக்கும் உள்ள பங்கை மாற்றும். ஸ்கேன் எடுக்கும் அன்றே, முடிந்தால் சற்று முன்பாகவே, குறைந்தபட்சம் 24 மணி நேரத்துக்குள் எடுத்த ரத்தம் வேண்டும் என்று இத்துறை வல்லுநர்கள் கேட்பது இதனால்தான்.

படுத்திருப்பதும் நிற்பதும்கூடக் கணக்கில் வரும். இதை முதலில் கேட்டபோது நானே நம்பவில்லை. ஜங்ஷனிலிருந்து நடந்து வந்து நிற்கிறவரின் ரத்தத்திலிருந்து கொஞ்சம் நீர் கால் திசுக்களுக்குள் இறங்கியிருக்கும், ரத்தம் சற்றுக் கெட்டியாக இருக்கும். அரை மணி நேரம் படுத்தால் அந்த நீர் ரத்தத்துக்குத் திரும்பும், பிசிவி சில எண்கள் இறங்கும். ஸ்கேன் படுத்துக்கொண்டுதான் நடக்கிறது. அதனால் லேப் நாற்காலியில் உட்காரவைத்து எடுப்பதைவிட, மேசையில் படுக்கவைத்து, மருந்துக்குப் போட்ட கானுலாவிலேயே எடுப்பது மேல். இரண்டாவது குத்தும் மிச்சம்.

ஊசியே இல்லாமல் முடியாதா?

முடியும் என்று ஒரு வழி இருக்கிறது. ரத்தத்தைக் குழாயில் எடுக்காமல், படத்திலிருந்தே பிசிவியை ஊகிக்கும் வழி. சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபின் நெருக்கமாக அடைந்திருப்பதால் அங்கே இருக்கும் தண்ணீர் பிளாஸ்மாவில் இருப்பதைவிடச் சீக்கிரம் தெளியும். ஆகவே மருந்து ஏற்றுமுன் ரத்தத்தின் டி1 குறைவாக இருந்தால் சிவப்பணு கூட, நீளமாக இருந்தால் சிவப்பணு குறைவு. நிறைய ஆட்களிடம் இரண்டையும் அளந்து ஒரு கோடு போட்டு வைத்துக்கொண்டால், அடுத்த ஆளுக்குப் படத்தைப் பார்த்தே பிசிவி சொல்லிவிடலாம். இப்படி வரும் இசிவிக்கு 'செயற்கை இசிவி' என்று பெயர். 2016 வாக்கில் லண்டன் ஆய்வாளர்கள் இதை வெளியிட்டபோது எங்கள் தொழிலில் ஒரே பேச்சு.

யோசனை அழகானது. ரத்தம் எடுக்க மறந்துபோன பழைய ஸ்கேனைக்கூட இப்படிக் காப்பாற்றலாம். ஆனால் அந்தக் கோடு ஒவ்வொரு காந்தத்துக்கும் ஒவ்வொரு படமெடுக்கும் முறைக்கும் தனித்தனி. ஊர்க் கிணற்றுக்குப் போட்ட கயிறு தோட்டத்துக் கிணற்றுக்கு எட்டும் என்று சொல்ல முடியாதே. அது போக, இப்படி ஊகிக்கும் எந்தக் கோடும் ஆட்களை நடுவை நோக்கி இழுக்கும். பிசிவி 42 இருப்பவருக்கு நன்றாகவே சொல்லும். 28 இருப்பவரையும் கொஞ்சம் மேலே தூக்கி, அவர் இசிவியைக் குறைத்துக் காட்டப் பார்க்கும். எவருக்குச் சரியாகத் தெரிய வேண்டுமோ அவரிடமே சறுக்கும். ரத்தசோகை இத்தனை பேருக்கு இருக்கும் நம் பக்கத்தில் அந்த ஊகத்தை மட்டும் நம்புவதில் எனக்கு உடன்பாடு இல்லை. இரண்டு மில்லி ரத்தம், கானுலா ஏற்கெனவே கையில் இருக்கிறது. எடுத்துவிட்டால் போயிற்று.

அந்த எண் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

இதய எம்ஆர்ஐயில் தழும்பைப் பார்க்க ஏற்கெனவே ஒரு படம் உண்டு. கடோலினியம் ஏற்றிப் பத்து நிமிடம் கழித்து எடுத்தால், மாரடைப்பில் செத்த தசை வெள்ளையாகத் தெரியும். அங்கே செல் உடைந்து சந்து பெருத்திருப்பதால் மருந்து தங்கும். வயலில் ஒரு பாத்தி மட்டும் பட்டுப்போனால் வரப்பில் நின்றே கை காட்டலாம், அது போல. ஆனால் வயல் முழுக்கப் பயிர் சீராக இளைத்திருந்தால்? பக்கத்தில் ஒப்பிட நல்ல பாத்தி ஏதும் இல்லை. எல்லாம் ஒரே நிறமாகத் தெரியும். பரவலாக நார் பெருகிய இதயம் அந்தப் படத்திலிருந்து தப்பிவிடுவது இப்படித்தான். ஒப்பீடு இல்லாமல் ஒவ்வொரு புள்ளிக்கும் எண்ணைத் தரும் டி1 வரைபடமும் இசிவியும் அங்கேதான் கைகொடுக்கும்.

மருந்தில்லாத டி1 மட்டும் போதாதா என்று கேட்கலாம். பல சமயம் அதுவே நிறையச் சொல்லும். ஆனால் அது காந்தத்துக்குக் காந்தம் மாறும். 1.5 டெஸ்லாவில் 1000 என்றால் 3 டெஸ்லாவில் அதே இதயத்துக்கு 1150க்கு மேல் வரலாம். இசிவி ஒரு பங்கு. ஒன்றை இன்னொன்றால் வகுத்து வருவது. அதனால் எந்திர வேறுபாடு பெரும்பாலும் அடிபட்டுப் போகும். மதுரையில் எடுத்ததையும் நெல்லையில் எடுத்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஓரளவு தைரியம் தருவது இதுதான். அந்தத் தைரியத்துக்கும் அடிப்படை பிசிவி சரியாக இருப்பது.

இசிவி கூடியிருக்கிறது என்றால் சந்து கூடியிருக்கிறது, அவ்வளவே. உள்ளே இருப்பது நாரா, நீரா, அமிலாய்டா என்று அந்த எண் தனியாகச் சொல்லாது. மற்ற படங்கள், ஈசிஜி, ஆளின் கதை எல்லாம் சேர்ந்து டாக்டர் முடிவு செய்வார். எல்லைக்கோடும் சென்டருக்குச் சென்டர் கொஞ்சம் மாறும். இணையத்தில் ஏதோ ஓர் அட்டவணையைப் பார்த்துவிட்டு 'எனக்கு 28, போச்சு' என்று இரவெல்லாம் விழித்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம்.

அப்புறம், அந்தக் கிட்னி டெஸ்ட்

கிரியாட்டினின் என்பது வேறு சங்கதி. கடோலினியம் சிறுநீர் வழியாகத்தான் வெளியேறுகிறது. கிட்னி மிகவும் பழுதானவர்களுக்குச் சில பழைய வகைக் கடோலினிய மருந்துகளால் தோலும் உள்ளுறுப்பும் இறுகும் ஒரு நோய் வந்ததாக 2006இல் தெரியவந்தது. அதன் பிறகுதான் மருந்து ஏற்றுமுன் கிட்னி பார்க்கும் வழக்கம் எங்கும் வந்தது, மருந்து வகைகளும் மாறின. கிரியாட்டினின், மருந்தை ஏற்றலாமா என்று சொல்கிறது. பிசிவி, ஏற்றியபின் வந்த எண்ணை எப்படிப் படிப்பது என்று சொல்கிறது. ஒன்று இருக்கிறதே, இன்னொன்று எதற்கு என்று கேட்க முடியாது. டிரோபோனின் போன்ற மாரடைப்பு டெஸ்ட்டுகளும் இந்தக் கணக்குக்குள் வருவதில்லை.

அண்ணாச்சி கதைக்கு வருவோம். மகள் தந்த மூன்று மாதப் பழைய ரிப்போர்ட்டில் பிசிவி 41. ஊதாக் குழாய் லேப்பிலிருந்து திரும்பியபோது 33. விகிதம் 0.45தான். பழைய எண்ணைப் போட்டிருந்தால் இசிவி 27க்குக் கிட்டே, யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். புதிய எண்ணில் 30. டாக்டர் வரைபடத்தை மறுபடி திறந்து, சுவரின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாகப் பார்க்க ஆரம்பித்தார். வெளியே பெஞ்சில் அண்ணாச்சி கையில் ஒட்டியிருந்த பஞ்சை அமுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். எட்டு எண் இறங்கியிருக்கிறதே என்று மகளிடம் மெதுவாக விசாரித்தேன். இரண்டு மாதமாக மலத்தோடு ரத்தம் போகிறதாம். வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லவில்லை.

"அதையும் உள்ள டாக்டர்ட்ட சொல்லிருங்க அண்ணாச்சி" என்றேன்.

"நெஞ்சு டாக்டர்ட்ட அதை எப்படிப்பா சொல்ல?" என்று அவர் மகளைப் பார்த்தார். மகள் ஏற்கெனவே எழுந்து கதவைத் தட்டிவிட்டிருந்தார்.